அம்மாவின் கட்டைவிரல்

அம்மா மறைந்து ஓர் ஆண்டு ஆகிறது. நினைவு மலரில் நல்லதை மட்டும் எழுதச் சொன்னார்கள் உறவினர்கள். நடந்ததை எழுதுகிறேன்.

அம்மா சந்தவாசலில் பிறந்து, ஆரணிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். பட்டு நெய்த அப்பா மாரடைப்பில் போனபோது நான் ஆறாவது, தங்கை மூன்றாவது. "பெரிய பொண்ண பட்டறைக்கு அனுப்பு" என்று சொல்லாத ஆள் இல்லை. அம்மா தானே சாயப்பட்டறைக்குப் போனார். சோடா போட்ட கொதிநீரில் பட்டு நூலை அலசிப் பசை எடுக்கும் வேலை. கூலி வாடகைக்கே சரியாகிவிடும். எங்களைப் பள்ளியில் வைத்திருந்தவை ரேஷன் அரிசியும் சத்துணவும் விதவை உதவித்தொகையும்தான். அவற்றை யாராவது ஓசி என்று இளக்காரமாகப் பேசினால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வரும்.

பிறகு ரேஷன் கடைக்குக் கைரேகை இயந்திரம் வந்தது. சிறுவயதில் எடுத்த எங்கள் ஆதாரில் ரேகையைப் புதுப்பிக்காததால், அம்மாவின் விரல்தான் வேண்டும். அம்மாவின் ரேகையைச் சோடாத் தண்ணீர் அரித்திருந்தது.

"விழலியேம்மா, நாளைக்கு வாங்க" என்பார் கடைக்காரர்.

"நாளைக்கு மட்டும் புதுக் கை மொளைக்குமா?" என்பார் அம்மா.

விரலில் ஏறிய சாயம்தான் காரணமென்று நினைத்து, ஒருநாள் கட்டைவிரலைச் செங்கல்லில் தேய்த்தார். மிச்சமிருந்த ரேகையும் போயிற்று. அதன்பின் மாதாமாதம் சில நாள் பட்டறைக்குப் போகாமல், தேங்காயெண்ணெய் தடவித் தோல் வளரக் காத்திருப்பார். அரிசிக்காகக் கூலியை விடுவார். சில மாதம் இரண்டுமே இல்லை. அப்படி ஒரு மாதம், பிளஸ் டூ படித்த நான், "நானும் பட்டறைக்கு வரேம்மா" என்றேன்.

"உன் கை அப்படியே இருக்கட்டும்" என்றார். அதற்குமேல் பேசவிடவில்லை.

கடைசியில் சிறுநீரகம் பழுதாகிப் படுத்துவிட்டார். காப்பீட்டு அட்டை இல்லையென்றால் அந்த வைத்தியமும் நடந்திருக்காது. உதவித்தொகை தருபவர் இயந்திரத்தைக் கட்டிலுக்கே கொண்டுவந்தார். அம்மா விரல் வைத்ததும் பச்சை விளக்கு எரிந்தது. விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சும்மா படுத்துகினு கெடந்தாதான் இதுக்கு என்னைத் தெரியுது" என்றார்.

அந்தப் பணத்தில்தான் அவருக்குக் கோடிப் புடவை எடுத்தோம்.

பிற்பாடு, ரேகைக்குப் பதில் கண்ணைப் பதிவு செய்யும் கருவியைக் கேட்டு வாங்கிவந்து அரிசி போட்ட கடைக்காரருக்கும், அம்மா போகாத நாள்களில் அவர் இடம் பறிபோகாமல் அவர் பங்கு வேலையைச் செய்து கொடுத்த பட்டறைப் பெண்களுக்கும் எங்கள் நன்றி. நான் வேலைக்குப் போகிறேன், தங்கை கல்லூரியில் படிக்கிறாள். எங்கள் இருவர் ரேகையும் எந்த இயந்திரத்திலும் முதல் தடவையே விழுகிறது.