அண்ணனின் வெளிச்சவீட்டுக் குறி

என் அண்ணனின் பாரை நான் பத்திரிகையில் எழுதி ஊருக்குக் காட்டிக்கொடுத்தேன். கடலடியில் மீன் கூடும் பாறைத்திட்டைத்தான் பார் என்போம்.

முகத்துவாரக் கரையில் எங்கள் குடும்பத்துக்குத் தூண்டில் தொழில். நான் மட்டும் படித்து ஆசிரியராகி வெள்ளவத்தையில் குடியேறினேன். ஓய்வுபெற்றபின் கொழும்பு வெளிச்சவீட்டின் வரலாற்றை எழுதினேன். முதலில் கோட்டை மணிக்கூட்டுக் கோபுரத்தின் உச்சியில்தான் விளக்கு எரிந்தது. சுற்றிலும் கட்டடங்கள் எழுந்து அதை மறைத்ததால், காலடியில் நான்கு சிங்கச் சிலைகளோடு இப்போதைய வெளிச்சவீட்டைக் கடலோரம் கட்டினார்கள். இதெல்லாம் கப்பல்காரரின் கதை. எங்கள் ஆட்களுக்கு அது பகலிலும் வழிகாட்டியது என்று சொல்ல ஆசைப்பட்டேன். அந்தப் பெருமையில் கை நிற்கவில்லை.

வள்ளத்திலிருந்து கரையைப் பார்த்தால், வெளிச்சவீட்டின் வலத்தோளில் கொட்டாஞ்சேனைக் கோயிலின் குவிமாடம் ஒட்டி நிற்க வேண்டும். அதே நேரம் தெற்கே ஒரு தண்ணீர்த்தாங்கி, பக்கத்துக் கட்டடத்தின் பின்னால் மறைய வேண்டும். அங்கே தூண்டில் போட்டால் வெறுங்கையோடு திரும்பத் தேவையில்லை. அண்ணன் பல வருடம் அலைந்து பிடித்த குறி அது. தம்பி என்று எனக்குக் காட்டினார். நான் அப்படியே எழுதிவிட்டேன்.

அடுத்த கிழமையே அங்கே வள்ளங்கள் முட்டிக்கொண்டன. வந்தவர்கள் ஜிபிஎஸ் கருவியிலும் இடத்தைப் பதிந்துகொண்டார்கள்.

அண்ணன் தொலைபேசியில் சொன்னார்: "உன் வரலாறு நல்லாத்தான் இருக்குடா. வாசிச்சவன் எல்லாம் என் பார்லதான் நிக்கிறான்."

அதன்பிறகு அவர் என்னோடு கதைக்கவில்லை.

கரையோரத்து மீனவர் கூட்டத்துக்குப் போய் எழுந்து நின்றேன். அது அண்ணன் கண்டுபிடித்த பார், பிழை என்னுடையது, அவருக்கே விட்டுவிடுங்கள் என்று கேட்டேன்.

"என்ன மாஸ்டர், கடலுக்குக் காணி உறுதி எழுதி வெச்சிருக்கீங்களா?" என்றான் ஒருவன். மண்டபமே சிரித்தது.

பின்வரிசையில் இருந்த அண்ணன் எழுந்து வந்து என் கையைப் பிடித்தார். "போதும், வா. எனக்காக நீ பிச்சை கேக்காத."

யாரும் பாரை விட்டுப் போகவில்லை. அண்ணன்தான் விட்டார். எழுபது தாண்டிய வயதில், கரையில் புதிதாக எழுந்த கோபுரங்களை வெளிச்சவீட்டோடு சேர்த்துப் பார்த்துப் பார்த்து, மாதக்கணக்கில் கடலில் வேறொரு பாரைத் தேடினார். அப்படிப்பட்டவருக்குத் தம்பி நான்.

போன மாதம் ஒரு பெரிய கலவாய் மீனோடு வெள்ளவத்தைக்கு வந்தார்.

"எங்கே பிடிச்சது, அண்ணா?"

"கடல்ல," என்றார்.

அதற்குமேல் நான் கேட்கவில்லை.