ஆர்லினின் முதுகுவலி

ஆர்லின் ஹெப்னருக்கு முதுகு போய்விட்டது என்று ஊரே நம்பியது. முப்பது வருடத்துக்கு மேல் பால் டேங்கர் ஓட்டியவன், பனியிலும் மழையிலும் பண்ணை பண்ணையாகப் போய்க் குழாயை இழுத்துப் பால் ஏற்றியவன், திடீரென்று வண்டியை விட்டு இறங்கினால் வேறென்ன காரணம் இருக்க முடியும்? பண்ணைக்காரர்கள் தைலம் கொடுத்தனுப்பினார்கள். கூட்டாளி மெர்ல் ஒரு இடுப்புப் பட்டியை இரவல் கொடுத்தான். ஆர்லின் அதையும் வாங்கிக் கட்டிக்கொண்டு திரிந்தான். வெட்கம் வந்துவிட்டால் மனிதன் எதைத்தான் கட்டிக்கொள்ள மாட்டான்!

உண்மை அவனுக்கும் அவன் மனைவி கோரினுக்கும் மட்டும்தான் தெரியும்.

மார்ச் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை என்றால் எங்கள் பக்கத்தில் பாரில் மீன் வறுவல், அதற்கு முன்னால் பிராந்தி. இரண்டு கிளாஸோடு எழுந்திருக்க வேண்டியவன், பகடையில் தோற்ற மெர்ல் வாங்கிக் கொடுத்ததையும் குடித்தான். டேங்கரில்கூட இல்லை, சொந்த வண்டியில்தான் வீட்டுக்குக் கிளம்பினான். பாலத்தருகே போலீஸ் மறித்து ஊதச் சொன்னது. கையில் ஒரு அபராதச் சீட்டு வந்தது.

அந்தச் சீட்டோடு எங்கள் ஊர்க்காரன் வக்கீலிடம் போகமாட்டான். எங்கே குடித்தானோ அந்த பாருக்கேதான் போவான். எங்கள் விஸ்கான்சின் மாநிலத்தில் முதல் தடவை குடித்துவிட்டு ஓட்டுவது கிரிமினல் குற்றமே இல்லை. குற்றமில்லை என்பதால் அரசாங்கச் செலவில் வக்கீலும் கிடையாது. ஆகவே, ஏற்கெனவே மாட்டியவர்கள்தான் எங்களுக்குச் சட்ட நிபுணர்கள். அதில் தலைமை நிபுணர் மெர்ல். மூன்று முறை மாட்டியவன், மர மில்லில் வேலை.

"இதுக்கா மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டிருக்க?" என்றான் மெர்ல். "ஜட்ஜ் உன்னக் கேப்பாரு, குற்றத்த ஒத்துக்கிறியா, இல்லையான்னு. ரெண்டுமே சொல்லாத. 'எதிர்க்கல'ன்னு சொல்லு. அப்படி ஒரு பதில் இருக்கு. ஒத்துக்கிட்ட மாதிரியும் ஆகாது, சண்டை போட்ட மாதிரியும் ஆகாது. ஃபைனக் கட்டிட்டு வந்து எனக்கொரு பீர் வாங்கிக் குடு."

"நான் வண்டி ஓட்டிப் பொழைக்கிறவன்டா."

"அதுக்குத் தொழில் லைசென்ஸுன்னு ஒண்ணு குடுப்பாங்க. வேலைக்குப் போக வர ஓட்டிக்கலாம். நான் அத வெச்சுத்தான் மில்லுக்குப் போனேன்."

மெர்ல் பொய் சொல்லவில்லை. அவன் விஷயத்தில் அப்படித்தான் நடந்தது. அங்கே உட்கார்ந்து தலையாட்டிய ஒருவனிடமும் டேங்கர், பஸ் ஓட்டுகிற ஹெவி லைசென்ஸ் கிடையாது. அது வேறு கணக்கு என்று ஒருவனுக்கும் தோன்றவில்லை, ஆர்லின் உட்பட.

நீதிமன்றத்தில் ஒரு காப்பி ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை. 'எதிர்க்கவில்லை' என்றான். அதன் பொருள் புரிகிறதா என்று நீதிபதி கேட்டார். புரிகிறது என்றான். புரியாததைப் புரியவில்லை என்று நாலு பேர் முன்னால் சொல்வது ஹெப்னர் குடும்பத்தில் வழக்கமில்லை.

லைசென்ஸ் அலுவலகத்தில் கவுன்ட்டர் பெண்தான் அவனுக்குப் புரியவைத்தாள். "எதிர்க்கலன்னு சொன்னாலும் தீர்ப்பு உங்களுக்கு எதிராத்தாங்க வரும். ஒத்துக்கிட்டதுக்கும் அதுக்கும் இங்க வித்தியாசமே இல்ல. ஹெவி லைசென்ஸ் ஒரு வருஷத்துக்குப் போச்சு. சொந்த வண்டியில மாட்டுனாலும் அதேதான்."

"தொழில் லைசென்ஸு?"

"கார் ஓட்டலாம். டேங்கர் ஓட்ட முடியாது." அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். "உங்க வக்கீல் இதெல்லாம் சொல்லலையா?"

மெர்ல் என்ற பெயரை அவன் எப்படிச் சொல்வான்? வக்கீல் வைத்திருந்தால் தப்பித்திருப்பானா என்று யாருக்கும் தெரியாது. வழக்காடிப் பார்க்க ஒரு வழியாவது இருந்திருக்கும். பால் கம்பெனி ஒரு வருடம் காத்திருக்குமா? அடுத்த வாரமே அவன் ஓட்டிய வண்டியில் வேறொருவன் போனான். ஆர்லின் சமையலறை ஜன்னலருகே நின்று அதைப் பார்த்தான். அன்றைக்குத்தான் முதுகுவலி பிறந்தது. சீட்டைப் பற்றிக் கேட்ட பார்க்காரர்களிடம், ஃபைன் கட்டியதோடு அது முடிந்துவிட்டது என்று சொல்லிவிட்டான்.

"மெர்ல்கிட்ட உண்மையச் சொல்லிடு," என்றாள் கோரின். "அவன் இன்னும் எத்தன பேருக்கு இதையே சொல்லப்போறானோ."

"சொன்னா சிரிப்பானுங்க."

"சிரிக்கட்டுமே. சிரிச்சா செத்தா போயிடுவ?"

"முதுகுன்னு சொல்லியாச்சு. விடு."

அதன்பிறகு அவன் பார் பக்கம் போவதையே குறைத்துக்கொண்டான். கோடை முடிந்து சோளம் அறுக்கிற காலத்தில், வீட்டில் இருப்புக்கொள்ளாமல் ஒரு வெள்ளிக்கிழமை போனான். பட்டியைக் கட்டிக்கொண்டுதான்.

லொரேன் ஸாஸ்ட்ரோ உள்ளே வந்தாள். பள்ளிக்கூடப் பஸ் ஓட்டுகிறவள். இரண்டு பிள்ளைகளைத் தனியாக வளர்க்கிறவள். அவள் சோடா கேட்டதும் மெர்லுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இவளும் நம்ம கூட்டத்துல சேந்துட்டாப்பா. தங்கச்சி கல்யாணத்துக்குப் போயிட்டு வர்றப்ப அதே பாலத்துகிட்ட புடிச்சுட்டானுங்க. பயந்து நடுங்கிப்போய் என்கிட்ட வந்தா. இதெல்லாம் ஒரு விஷயமா, 'எதிர்க்கல'ன்னு சொல்லிட்டுப் போயிட்டே இருன்னேன்."

ஆர்லின் கையிலிருந்த மீன் துண்டைத் தட்டில் வைத்தான். பள்ளிக்கூடப் பஸ்ஸுக்கும் ஹெவி லைசென்ஸ்தான். எழுந்து நின்றான்.

"லொரேன், அதச் சொல்லாத." குரல் அவன் நினைத்ததைவிடப் பெரிதாக வந்தது. "எனக்கு முதுகுல ஒண்ணும் இல்ல. மார்ச்ல நானும் மாட்டுனேன். இவன் பேச்சக் கேட்டு அதத்தான் சொன்னேன். டேங்கர் லைசென்ஸு போயிடுச்சு. உன் பஸ்ஸும் போயிடும். கடன் வாங்கியாவது மொதல்ல ஒரு வக்கீலப் பாரு."

பகடை உருட்டிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். யாரும் சிரிக்கவில்லை. ஆறு மாதமாக அவன் பயந்த சிரிப்பு வரவே இல்லை.

லொரேன் கிளாஸை மேஜையில் வைத்தாள். "காலைல கோர்ட்டுக்குப் போயிட்டுத்தான் வர்றேன், ஆர்லின். 'எதிர்க்கல'ன்னு சொல்லிட்டேன்."

பிறகு அவன் பக்கம் திரும்பி, "மார்ச்லேர்ந்தே உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். அவள் குரலில் கோபம்கூட இல்லை.

ஆர்லின் சட்டைக்குள் கையை விட்டு இடுப்புப் பட்டியை அவிழ்த்து மெர்லிடம் நீட்டினான். மெர்ல் அதை வாங்கிக்கொள்ளவில்லை.