சந்தைக்குக் கீழே கிடப்பவர்கள்

யோகா சுடலைக்குப் போன உடுப்போடு வந்து கோயில் மடப்பள்ளியில் கை வைக்கிறாளாம். மெல்பேர்ண் ஸ்பிரிங்வேல் மரக்கறிக் கடையில் மயூரா இதைச் சொன்னாள். அவளும் கண்டதில்லை, யாரோ சொல்லக் கேட்டதுதான். மயூராவரைக்கும் வந்த கதை கமலினி அக்காவிடம் போகாமலா இருக்கும்? அவருடைய மகன் கஜீவனுக்கும் யோகாவின் மகள் ராகவிக்கும் தை மாதம் கலியாணம் என்று பேச்சு. பேசி வைத்தவள் நான்.

யோகா யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் என்னோடு வரலாறு படித்தவள். மெல்பேர்ணுக்கு வந்து நெடுங்காலம் முதியோர் இல்லத்தில் வேலை செய்தாள். முதுகு விட்டுப்போனது. இப்போது பின்னேரங்களில் நகரத்தைச் சுற்றிப் பேய்க்கதை சொல்லும் பேய் நடைக்கு வழிகாட்டி. கறுப்புக் கோட்டும் கையில் லாம்புமாகப் பழைய சிறைச்சாலை மதில், இருண்ட குறுகிய ஒழுங்கைகள், கடைசியில் விக்ரோரியா சந்தை என்று ஆட்களைக் கூட்டிப் போவாள். பேய் வருமா என்று யாராவது கேட்டால், "செத்தது ஆரெண்டு நான் சொல்லுவன். வாறதும் வராததும் அவையின்ர விருப்பம்" என்பதை இங்கிலீசில் சொல்லுவாள். சனம் சிரிக்கும்.

வீடு திரும்பினால் பின்பக்கத்தால் லோண்ட்ரிக்குள் நுழைந்து, தலையோடு தோய்ந்து, உடுப்பு மாற்றிய பிறகுதான் குசினியில் கால் வைப்பாள். ஜூலைக் குளிரிலும் அப்படித்தான். இதை யாரிடம் போய்ச் சொல்வது?

"கோயில் ஸ்பீக்கரில அறிவிக்கச் சொல்லட்டோ?" என்று என்னிடம் சீறினாள். அவளுக்குப் பேயிடம் பயமில்லை. கமலினி அக்காவிடம்தான் பயம்.

இரண்டொரு நாளில் அக்காவே எனக்குப் போன் எடுத்தார். "அந்த நடைக்கு நானும் ஒருக்கா வாறன். என்ன இடமெண்டு கண்ணால பாப்பம்."

ராகவி கேள்விப்பட்டதும் தாயிடம் கெஞ்சினாள். "அம்மா, ப்ளீஸ், மார்க்கெட் ஸ்ரொப்பை மட்டும் ஸ்கிப் பண்ணுங்கோ. கமலினி அன்ரி சனிக்கிழமையில கோயிலுக்குப் பழம் வாங்கிறதே அங்கதான்."

"ஓம்" என்றாள் யோகா.

கமலினி அக்கா தடித்த ஜாக்கெட்டும் நெற்றி நிறையத் திருநீறுமாக வந்தார். வலது கை பொக்கற்றுக்குள்ளேயே இருந்தது.

"என்னக்கா கையில?"

"தேசிக்காய். காத்துக் கறுப்பு அண்டாம, சும்மாதான்."

சிறைச்சாலை மதிலை அண்ணாந்து பார்த்தார். ஒழுங்கையில் ஒருமுறை, "நல்லாத்தான் சொல்லுறா" என்று என் காதில் சொன்னார். சந்தையின் கார் தரிப்பிடத்துக்கு வந்தோம். யோகா லாம்பைத் தாழ்த்திக்கொண்டு விறுவிறு என்று நடந்தாள். பாதி தூரம் கடந்தாயிற்று. இன்னும் பாதிதான், பேசாமல் போ, போ என்று நான் மனதுக்குள் கும்பிட்டேன்.

நின்றுவிட்டாள்.

அவளுடைய அண்ணன் கடைசி யுத்தத்தில் காணாமல் போனவன். எங்கே கிடக்கிறான் என்று இன்றுவரை தெரியாது. அவனுக்கு மேலால் யாரோ மாட்டு வண்டில் ஓட்டிப் போவார்கள் என்று எனக்கு ஒருமுறை சொன்னவள்.

லாம்பை நிலத்தில் வைத்தாள். இந்த நகரத்தின் பழைய மயானம் இது, ஆயிரக்கணக்கானவர்கள் இன்னும் எங்கள் காலுக்குக் கீழேதான் இருக்கிறார்கள், பலருக்குப் பெயர்கூட இல்லை என்று இங்கிலீசில் சொன்னாள். ஒருவரும் சிரிக்கவில்லை.

கமலினி அக்கா தமிழில் கேட்டார். "நான் நிக்கிற இடத்துக்குக் கீழயுமோ?"

"ஓம் அக்கா."

அக்கா குனிந்து தன் சப்பாத்தைப் பார்த்தார். பிறகு அந்தப் பக்கம் பூட்டிக் கிடந்த சந்தைக் கொட்டகைகளைப் பார்த்தார். "சரி, நான் போட்டு வாறன்" என்றவர், ட்ராம் தரிப்பிடம்வரை பொக்கற்றிலிருந்து கையை எடுக்கவேயில்லை.

அது செவ்வாய்க்கிழமை. இன்று சனி. அக்காவிடமிருந்து ஒரு சொல் இல்லை. கஜீவனுக்கும் தெரியவில்லை. "அம்மா ஒண்டும் கதைக்கிறா இல்லை" என்று மெசேஜ் போட்டிருக்கிறான். இன்று பழம் வாங்கச் சந்தைக்குப் போனாரா என்பதும் தெரியாது.

யோகாவின் குசினியில் ராகவி எனக்கு எதிரே கதிரையின் நுனியில் இருக்கிறாள். "அன்ரி, நீங்களே கோல் பண்ணுங்கோ. ஐ கான்ட்."

நான் அக்காவுக்குப் போன் எடுத்தேன். ஸ்பீக்கரில் மணி அடிக்கிறது. பின்கதவு திறந்து, லோண்ட்ரியில் தண்ணீர் ஓடி, நின்றது. ஈரத் தலையைத் துவாயால் சுற்றிக்கொண்டு யோகா குசினி வாசலில் வந்து நிற்கிறாள், உள்ளே வராமல்.

"ஆருக்கு?" என்றாள்.

மணி அடித்துக்கொண்டே இருக்கிறது.