பிலோமினா சிஸ்டர் தவறவிடாத வேளை

வியாழக்கிழமை காலை நம் சொசைட்டியின் வாட்ஸப் குழுவில் ஒரு ரோஜாப்பூப் படம் வந்தது. அதன் கீழே மராத்தியில் "பாவபூர்ண ஸ்ரத்தாஞ்சலி" என்று எழுதியிருந்தது. உள்ளம் நிறைந்த அஞ்சலி என்று அர்த்தம். அரைத்தூக்கத்தில் இருந்த எனக்கு அது 'பாவம், பூரணமாகப் பாவம்' என்று தெரிந்து சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம்தான் யாருக்கு என்று பார்த்தேன். பி விங், நான்காவது மாடி, பிலோமினா சிஸ்டர். தூக்கத்திலேயே போய்விட்டாராம். சிரித்த வாயை எங்கே வைப்பதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் கையால் மூடிக்கொண்டிருந்தேன்.

தூத்துக்குடியிலிருந்து புனேவுக்கு நர்ஸாக வந்தவர். ஓய்வு பெற்ற பிறகும் ஹடப்சரில் ஒரு மருத்துவமனைக்கு டியூட்டிக்குப் போய்க்கொண்டிருந்தார். எல்லாருக்கும் அவர் சிஸ்டர். யாருக்கு அக்கா, யாருக்குத் தங்கை என்று நாம் கேட்டதில்லை. கமிட்டியிடம் போராடி மொட்டைமாடியில் இருபது பைகளில் தக்காளி வைத்தார். கணபதி பண்டிகைக்கு வீட்டுக்கு ஒரு கிலோ என்பது அவர் கொடுத்த வாக்கு. உங்களுக்கும் நினைவிருக்கும். தண்ணீர் ஊற்ற அவருக்குக் கிடைத்த ஒரே ஆள் நான். லிஃப்டில் எல்லா பட்டன்களையும் அமுக்கி வைத்ததற்குக் கமிட்டி கொடுத்த தண்டனை அது.

மழைக்காலத்தில் அந்த மாடி வேறு ஒரு ஊர். மேகம் தண்ணீர்த் தொட்டி வரை இறங்கி வந்து உட்கார்ந்துகொள்ளும். லோஹேகாவுக்கு இறங்கும் விமானத்தின் சத்தம் கேட்கும், விமானம் தெரியாது. பச்சை வாசனைக்குள் சிஸ்டரின் வெள்ளைப் புடவை மட்டும் மிதந்துபோகும். அப்படி ஒரு சாயங்காலம் யூரியா கரைத்த வாளியோடு நான் கிளம்பினேன். அவர் வானத்தைக் காட்டினார்.

"ஏட்டி, மழை வருது. இப்போ ஊத்துனா செடிக்கா போகும்? பைப்புல எறங்கி முட்டா ஆத்துக்குப் போகும். முட்டாவுக்கு உரம் போடுற முட்டாளா நீ?"

சிலேடையில் என்னை ஒருவர் முந்தியது அதுதான் முதல் தடவை. அன்றைக்கு நான் அவர் கட்சியில் சேர்ந்துவிட்டேன்.

உரம் அவருக்கு மருந்து மாதிரி. எவ்வளவு என்பதைவிட எப்போது என்றுதான் கேட்பார். முதல் பூ விரியும்போது பைக்கு அரை ஸ்பூன். அப்புறம் காய் நெல்லிக்காய் அளவுக்கு வந்த பிறகுதான் அடுத்தது. நடுவில் செடி எவ்வளவு கெஞ்சினாலும் கிடையாது. "தழைச்சத்துன்னு பேருலயே தழை இருக்கு. வேளை பாக்காமப் போட்டா தழைதான் வரும், தக்காளி வராது" என்பார். ளகரமும் லகரமும் என் நாக்கில் ஒன்றுதான். அதனால் அவர் வேளை பார்த்தார், நான் வேலை பார்த்தேன் என்று சொல்லிக்கொள்வேன்.

தொட்டிச் சுவரில் ஆஸ்பத்திரி சார்ட் போல ஒரு அட்டை தொங்கும். உரம் கொடுத்தவர் அந்த நாளின் கட்டத்தில் டிக் போட வேண்டும். டிக் அடையாளம் தூரத்தில் பறக்கும் பறவை மாதிரியே இருக்கும் அல்லவா? எனக்குக் கை அரித்தது. காலிக் கட்டங்களிலெல்லாம் பறவை வரைந்து அட்டை முழுக்க ஒரு கூட்டத்தையே பறக்கவிட்டேன். திட்டு விழும் என்று காத்திருந்தேன். அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். நல்லாத்தான் இருக்கு, இந்த மாசம் இருந்துட்டுப் போகட்டும் என்றார். கொடுத்ததை இனி கீழே எழுதி வைக்கிறேன் என்றும் சொன்னார்.

அப்படி ஒரு திங்கட்கிழமை டியூட்டிக்குப் போகும்முன் அவர் எழுதிய இரண்டு வார்த்தைகள்: "கல் கத்". இந்த ஊரில் முப்பது வருஷம் இருந்தவரின் தமிழ் அது. கத் என்றால் மராத்தியில் உரம். கல் என்றால் இந்தியில் நேற்று. ஆனால் இந்தியில் நாளைக்கும் அதே கல்தான். அவர் எழுதியது, நேற்று உரம் கொடுத்தாயிற்று என்று. நான் படித்தது, நாளைக்கு உரம் கொடு என்று. கட்டத்தில் டிக் இருக்கிறதா என்று பார்த்தேன். எங்கே பார்த்தாலும் பறவை. ஒரு போன் செய்திருக்கலாம். கல்லைப் பார்த்துக் கத்தச் சொல்கிறார் என்று எனக்கு நானே ஜோக் அடித்துக்கொண்டு இறங்கிவிட்டேன். செவ்வாய்க்கிழமை காலை, பைக்கு ஒரு ஸ்பூன் குவித்து, தாராளமாக.

பத்து நாளில் மாடி காடாகிவிட்டது. கரும்பச்சை இலைகள் என் தோள் வரை வந்தன. பூவெல்லாம் உதிர்ந்துபோனது. அழகாகத்தான் இருந்தது, கனவில் வரும் காடு மாதிரி. சிஸ்டர் ஓர் இலையைத் திருப்பிப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிவிடலாமா என்று நான்தான் கேட்டேன்.

"தப்பு நம்ம வீட்டுல நடந்தது. அதை ஆத்துக்கு அனுப்பக்கூடாது" என்று சொல்லி, பைகளின் ஓரமெல்லாம் பாலக் விதை தூவினார். மிச்ச உரத்தைக் கீரை குடித்துக்கொள்ளுமாம். குடித்தது. அந்த வருஷம் கணபதிக்கு உங்கள் வீடுகளுக்குத் தக்காளிக்குப் பதில் கீரைக்கட்டு வந்தது அதனால்தான்.

ஆரத்தி முடிந்ததும் செக்ரட்டரி காகா எல்லார் முன்னாலும் சிரித்துக்கொண்டே, "சிஸ்டர், உமர் ஹோ கயீ" என்றார். உங்களுக்கு வயசாகிவிட்டது. உரம் போட்டதை மறந்து மறுபடி போட்டுவிட்டார் என்று பேச்சு பரவியது. அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. செடிக்கு மறந்தவர் மனிதருக்கு மறக்கமாட்டாரா என்று யாரோ கேட்டார்கள். ஏ விங் தாத்தா, நம் எல்லாருக்கும் ஆஜோபா, அவருக்குத் தினமும் இன்சுலின் போடுவது அவர்தான். ஊசி போட வெளியிலிருந்து ஒரு பையன் வர ஆரம்பித்தான். வழக்கமான நேரத்தில் ஊசிப் பையோடு தன் வீட்டுக் கதவருகே உட்கார்ந்திருந்த சிஸ்டரைப் படிக்கட்டில் போகும்போது பார்த்தேன். வாழ்நாளில் ஒரு வேளை மருந்துகூடத் தவறவிடாதவர் அவர்.

அன்றே உள்ளே போய் நான்தான் என்று சொன்னேன்.

"தெரியும்டி" என்றார்.

எல்லாரிடமும் சொல்லிவிடுகிறேன் என்றேன். அவர் தடுத்தார்.

"இப்போ சொன்னா விளையாட்டுக்குச் சொல்லுதன்னு நினைப்பாவ. அடுத்த வருஷம் காய் பிடிக்கட்டும். காயைக் காட்டிச் சொல்லு, நம்புவாவ."

அதில் எனக்குள் ஒரு நிம்மதி பரவியதையும் இங்கே சொல்லத்தான் வேண்டும். அவர் வேளை பார்த்துச் சொன்னார். நான் தப்பித்தேன் என்று எடுத்துக்கொண்டேன்.

இந்த வருஷம் காய் பிடித்திருக்கிறது. இருபது பைகளிலும், நெல்லிக்காய் அளவுக்கு. புதன்கிழமை சாயங்காலம் அவரே ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துவிட்டு இறங்கினார். நாளைக்கு அடுத்த உரம் என்று, இந்த முறை சுத்தமான தமிழில் சொன்னார். வியாழக்கிழமை எல்லாரும் கீழே ஆம்புலன்ஸைச் சுற்றி நின்றபோது, நான் மாடிக்குப் போய் மழை இல்லை என்று பார்த்துவிட்டுப் பைக்கு அரை ஸ்பூன் கரைத்து ஊற்றினேன். அழுதுகொண்டே அளந்தேன், ஆனால் சரியாக அளந்தேன்.

ஆகவே சொசைட்டிப் பெரியவர்களே, ஆஜோபா வீட்டாரே, மாடிக்கு வந்து காயைப் பாருங்கள். பார்த்துவிட்டு இதை நம்புங்கள். சிஸ்டர் எதையும் மறக்கவில்லை. அவர் கொடுத்தது சரியான அளவு, சரியான நாள். மறுநாளைக்கு மறுநாள் கொடுத்தது நான்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது இதுதான்: என் தப்பை ஒரு வருஷம் தன் வீட்டில் வைத்திருந்தும், எப்போது எடுத்துக்கொண்டு போவாய் என்று ஒருநாளும் கேட்காத அந்த மனசு. இப்போது எடுத்துக்கொள்கிறேன், சிஸ்டர். அது என்னுடையது.