சத்தத்தைக் குறைக்க மாட்டோம்

யாங்கோனின் பசுந்தாங் பகுதியில் ஓடையை ஒட்டிய தெருவில் ஒரு பழைய கிட்டங்கி இருக்கிறது. அதன் கீழ்த்தளத்தை ஒரு பர்மியர் பாட்டுப் பயிற்சி அறையாக மாற்றியிருந்தார். சுவர் முழுக்கப் பழைய மெத்தைகளை ஆணியடித்து வைத்திருந்தார். உள்ளே ஒரு டிரம் செட், கிதாருக்கு ஆம்ப்ளிஃபையர், ஒரு மைக். பையன்கள் கூட்டம் கூட்டமாக வந்து வாடகைக்கு எடுத்து வாசிப்பார்கள். நான் வாசல் மேஜையில் உட்கார்ந்திருப்பேன். அறையைத் திறந்துவிடுவது, பெருக்குவது, அவர்கள் அடித்துத் தளர்த்திப்போட்ட டிரம் தோலை மறுபடி முறுக்கி வைப்பது, இதெல்லாம் என் வேலை.

டிரம் அடிக்க எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஒரு குழு போய் அடுத்த குழு வருவதற்குள் அறை காலியாகக் கிடக்கும். அப்போது உட்கார்ந்து அடிப்பேன். சிறு வயதில் கோயில் தீமிதியின்போது மேளக்காரர்களின் பின்னாலேயே நடந்து கேட்ட அடி என் கையில் இருந்தது. அன்றைக்கு ஆசையாகக் குச்சியைத் தொட்டதற்கு, "பொம்பளப் புள்ள இதத் தொடக் கூடாது" என்று பிடுங்கிக்கொண்டார்கள். இந்த அறையில் பிடுங்க ஆள் இல்லை.

ஒரு மழைநாளில் அவள் தனியாக வந்தாள். தலையில் முக்காடு, முதுகில் பிளாஸ்டிக் தாள் சுற்றிய கிதார். டிரம் அடிக்க வருவதாகச் சொன்ன பையன் கடைசி நேரத்தில் வரமாட்டேன் என்று போன் செய்துவிட்டானாம். "பொண்ணுகூட வாசிச்சா மத்தவங்க சிரிப்பாங்களாம்" என்று பர்மீயில் சொன்னாள். அழவில்லை. கோபத்தில் அவள் மூக்கு மட்டும் சிவந்திருந்தது.

"நான் அடிக்கிறேன்" என்றேன்.

என் முகத்தைப் பார்த்தவுடன் அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். "அமா, நீங்க தமிழா?" என்று தமிழிலேயே கேட்டாள். பர்மீயில் அமா என்றால் அக்கா. இன்றுவரை அவள் என்னை அப்படித்தான் கூப்பிடுகிறாள். தமிழ் முஸ்லிம் குடும்பம், அப்பாவுக்கு இரும்புச் சாமான் கடை. அவளுக்குத் தமிழ் புரியும், பேசினால் பாதியில் பர்மீக்குத் தாவிவிடுவாள். நானும் ஏறக்குறைய அப்படித்தான்.

அன்று அவள் கிதாரில் மூன்றே பிடிகள் வாசித்தாள். அதையே திரும்பத் திரும்ப, ஒவ்வொரு தடவையும் முன்னைவிட வேகமாக. ஆம்ப்ளிஃபையர் கரகரவென்று இரைந்தது. நான் தீமிதி அடியை அதன்மேல் ஏற்றினேன். முடித்தபோது இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது. அறையின் சொந்தக்காரர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்து, "மீதி ஆளுங்க எங்கே?" என்றார்.

"இவ்வளவுதான் ஆளுங்க" என்றாள் அவள்.

இந்த மாதிரி இசைக்குக் கராஜ் ராக் என்று பெயர் உண்டு, வெளிநாட்டில் கார் நிறுத்தும் கொட்டகைகளில் வாசித்து வாசித்து வளர்ந்தது என்று பின்னால் அறைக்காரர்தான் சொன்னார். எங்கள் இரண்டு வீட்டிலும் காரும் இல்லை, கொட்டகையும் இல்லை. சத்தம் மட்டும் இருந்தது.

அவள் ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் தன்லியினில் ஒரு துணித் தொழிற்சாலையில் தையலைச் சரிபார்க்கும் வேலையில் இருந்தாள். ஒரு நாள் சாயங்காலம் வேலை முடிந்து பஸ்ஸில் திரும்பும்போது, பாலத்தின்மேல் நெரிசலில் பின்னால் நின்றவன் அவள் இடுப்பில் கை வைத்தான். நகர்ந்து பார்த்தாள். கையும் கூடவே நகர்ந்தது. அவள் வாயிலிருந்து பர்மீ வரவில்லை. வீட்டில் அவள் அம்மா திட்டும் தமிழ்தான் வந்தது. "கையை எடுடா!" பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவன் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிப் போனான். பக்கத்து இருக்கையிலிருந்த ஒரு பெரியவர், "இப்படியா கத்துவது?" என்று அவளைத்தான் கேட்டார்.

நேராக என்னிடம் வந்தாள். ஈரச் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "அமா, அடிங்க" என்றாள். அன்றே எங்கள் முதல் பாட்டு பிறந்தது. கதை பர்மீயில், பல்லவி தமிழில். "கையை எடு, கையை எடு" என்று அவள் கத்த, நான் ஒவ்வொரு சொல்லுக்கும் பெரிய டிரம்மை மிதிப்பேன். அதற்குப் பிறகு இன்னும் சில பாட்டுகள் வந்தன. தண்ணீர் வராத குழாயைப் பற்றி ஒன்று. "கல்யாணம் எப்போ?" என்று கேட்கும், மாடிப்படியில் உட்கார்ந்திருக்கும் அக்கம்பக்கத்துப் பெண்களைப் பற்றி ஒன்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு மண்டபத்தில் பல குழுக்கள் வாசிக்கும் நிகழ்ச்சி இருந்தது. ஒரு குழு வரமுடியாமல் போக, அறைக்காரர் எங்களை அனுப்பினார். நிகழ்ச்சி நடத்தியவர் எங்களை மேலும் கீழும் பார்த்தார். "தமிழ்ப் பாட்டு வேண்டாம். பர்மீயிலேயே பாடிடுங்க. யாருக்குப் புரியும்?" என்றார். ஒலிபெருக்கிப் பொறுப்பில் இருந்தவன் அவள் கிதாரின் சத்தத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டு, "பொண்ணுங்களுக்கு இது போதும்" என்று சிரித்தான்.

அவள் மேடையிலிருந்து இறங்கினாள். அவன் பக்கத்தில் போய், அவன் கைக்கு மேலாகக் கை நீட்டி, குமிழைப் பழைய இடத்துக்குத் திருப்பிவிட்டு ஏறி வந்தாள்.

தொடங்கினோம். முதல் வரிசையில் அவள் தொழிற்சாலைத் தோழிகள் இடுப்பில் கட்டும் தமெய்ன் கைலியைத் தூக்கிச் செருகிக்கொண்டு நின்றிருந்தார்கள். பின்னால் பையன்கள். தமிழ்ப் பல்லவி வந்ததும் பின்னாலிருந்து ஒருவன், "கலாமா!" என்று கத்தினான். இந்திய முகம் உள்ள பெண்களைக் கேவலமாகச் சொல்லும் சொல். பள்ளிக்கூடத்திலும் மார்க்கெட்டிலும் கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். எப்போதும் காதில் விழாத மாதிரி நடந்து போய்விடுவோம்.

அவள் கிதாரை நிறுத்தினாள். என் குச்சியும் நின்றது. மைக்கில் மெதுவாகப் பர்மீயில் சொன்னாள். "ஆமா. அதுதான் நாங்க. இந்த ஊர்லதான் பொறந்தோம். பாட்டு சரியா கேக்கல போல இருக்கு. முதல்ல இருந்து வாசிக்கிறோம்."

என்னைத் திரும்பிப் பார்த்தாள். குச்சியை ஓங்கினேன். அதுவரை அப்படி ஒரு அடி நான் அடித்ததில்லை.

பாட்டு பாதியில் இருக்கும்போது கரண்ட் போனது. யாங்கோனில் இது புதிதல்ல. முன்னால் வாசித்த பையன்களுக்குப் போனபோது உடனே ஜெனரேட்டரைப் போட்டார்கள். எங்களுக்குப் போடவில்லை. ஒலிபெருக்கிக்காரன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். நடத்தியவர் மேடையோரம் வந்து, "முடிஞ்சுது, எறங்குங்க" என்று சைகை காட்டினார்.

டிரம்முக்குக் கரண்ட் தேவையில்லை. நான் நிறுத்தவில்லை. அவள் கிதாரைக் கீழே வைத்துவிட்டு மேடை விளிம்புக்கு வந்து வெறும் தொண்டையில் பாடினாள். தொழிற்சாலைப் பெண்கள் கை தட்டினார்கள். "கையை எடு" என்று அவள் கத்த, அவர்களும் கத்தினார்கள். ஒருத்திக்கும் தமிழ் தெரியாது. உச்சரிப்பு கன்னாபின்னா என்றிருந்தது. ஆனால் அந்தப் பஸ்ஸில் போகாதவள் அங்கே ஒருத்திகூட இல்லை. எதைப் பாடுகிறோம் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

யாரோ போனில் படம் பிடித்துப் பரப்பிவிட்டார்கள். அந்த வாரமே கோயில் கமிட்டிக்காரர் ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா காலைத் தோசைக் கடைக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தாள்.

"வயசுப் பொண்ணு, மேடையில காலை அகட்டி ஒக்காந்து அடிக்குது. நம்ம சனங்களுக்குக் கேவலமா இல்ல?" என்றார்.

அம்மா மாவிலிருந்து கரண்டியை எடுக்காமலே சொன்னாள். "அது அடிச்சது ஒங்க வீடு வரைக்கும் கேட்டுச்சா? அப்ப நல்லாத்தான் அடிச்சிருக்கு. தோசை சாப்பிட்டுப் போங்க."

அவர் சாப்பிடாமல் போனார். அம்மாவுக்கு என் பாட்டு பிடித்தது என்று சொல்ல மாட்டேன். "என்னடி அது, தகரத்த இழுத்துட்டுப் போற மாதிரி" என்பாள். ஆனால் வாசலில் நின்று கேட்பவர்களிடம் என்னை விட்டுக்கொடுக்கவே மாட்டாள்.

அவள் வீட்டில் இவ்வளவு சுலபமாக முடியவில்லை. அவள் அப்பா கிதாரைக் கடையின் பின்னறையில் வைத்துப் பூட்டிவிட்டார். அவள் வெறுங்கையோடு வந்து என் டிரம்முக்குப் பாடிக்கொண்டிருந்தாள். பல வாரம் அப்பாவும் மகளும் பேசவில்லை. கடைசியில் ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் அவளே ஆரம்பித்தாள்.

"அத்தா, பஸ்ல என்மேல கை வெச்சான் ஒருத்தன். அதான் அந்தப் பாட்டு."

அவர் சாப்பிடுவதை நிறுத்தினார். அவருக்கு அதுவரை தெரியாது.

"அவன் பேரு கெடல. என் பேரு மட்டும் எப்படிக் கெட்டுச்சு?"

மறுநாள் காலை கிதார் அவள் கட்டிலில் இருந்ததாம். அறுந்துபோயிருந்த தோள்பட்டை வாரைக் கடையிலிருந்த இரும்பு வளையம் போட்டு அவரே சரிசெய்திருந்தார்.

அந்த மண்டபத்துக்காரர் எங்களை மறுபடி கூப்பிடவில்லை. வேறு சில இடங்களிலும் எங்கள் பேரைச் சொன்னதும் "அந்த ரெண்டு பொண்ணுங்களா, வேண்டாம்" என்றார்களாம். எங்களைக் கூப்பிட வேறு ஆட்கள் இருந்தார்கள். தொழிற்சாலையில் அவளோடு வேலை செய்யும் ஒருத்தியின் வீடு த்வாண்டே என்ற ஊரில். பானை செய்யும் குடும்பம். அவளுக்குக் கல்யாணம். "நீங்க வந்து அந்தப் பாட்ட வாசிக்கணும், மாப்ள வீட்டுக்காரங்க கேக்கணும்" என்று பிடிவாதமாக அழைத்தாள்.

அறைக்காரரிடம் கேட்டு டிரம்மைக் கழற்றிச் சாக்கில் கட்டி எடுத்துக்கொண்டு போனோம். பானை காயவைக்கும் கொட்டகையில் இடம் ஒதுக்கியிருந்தார்கள். சுடாத பானைகள் சுவரோரமாக அடுக்கி இருந்தன. பெண்ணின் அண்ணன், "மெதுவா அடிங்க, பானை விழுந்துடும்" என்று கெஞ்சினான்.

கல்யாணப் பெண் பட்டுத் தமெய்னோடும் தலை நிறையப் பூவோடும் எழுந்து வந்தாள். "விழுந்தா மறுபடி செஞ்சுக்கலாம். பலமா அடிங்க, அமா" என்று சொல்லிவிட்டு, மைக்கைத் தன் கையில் வாங்கிக்கொண்டாள்.