மூன்று விசில், ஒரு ஓட்டை

இல்லத்தரசி உத்தியோகத்தில் லீவு உண்டு. அதைப் போடும் முன் வீட்டுக்காரருக்குக் குக்கர் வைக்கக் கற்றுத் தர வேண்டும், அவ்வளவுதான். ஈரோட்டில் மகளுக்கு இரண்டாவது பிரசவம். பதினைந்து நாள் துணைக்குப் போக வேண்டும். திருப்பூர் நெருப்பெரிச்சலில் பனியன் கம்பெனி நடத்தும் என் கணவருக்கு ஓட்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது. கையில் இருந்தது ஒரு வாரம். எனக்குப் பாடம் எடுத்த கான்வென்ட் சிஸ்டர்களின் அதட்டல் குரல் எனக்கு வாய்த்திருக்கிறது, பொறுமை வாய்க்கவில்லை. என்னைப்போல் அடுப்படியில் மாட்டிக்கொண்டவர்களே, மீதியைக் கேளுங்கள்.

விசில் கணக்கு

பருப்புக்கு மூன்று விசில், பிறகு அடுப்பை அணைக்க வேண்டும். இதுதான் முதல் பாடம். சொல்லிவிட்டுத் துணி காயப்போட மாடிக்குப் போனேன். ஐந்தாவது விசிலுக்கு இறங்கி ஓடிவந்தால், மனிதர் அடுப்புக்குப் பக்கத்திலேயே நின்று செல்போனில் சாயப்பட்டறைக்காரரோடு பேசிக்கொண்டிருக்கிறார். என் முகத்தைப் பார்த்ததும் போனிலேயே கேட்டார்: "ஏனுங், அங்க உங்களுக்கு எத்தன விசில் கேட்டுச்சுங்?"

ரப்பர் வளையம்

மூடி ஓரத்தில் ஆவி கசிந்தது. கேஸ்கட் தளர்ந்துவிட்டது, புதிது வாங்கி வாருங்கள் என்றேன். கம்பெனியிலிருந்து இடுப்பு எலாஸ்டிக்கை அளவாக வெட்டி, வட்டமாகத் தைத்தே எடுத்துவந்தார். ஏற்றுமதிச் சரக்காம், எத்தனை முறை துவைத்தாலும் தளராதாம். மண்ணரையிலிருந்து பாத்திரம் கழுவ வரும் சரசு எட்டிப் பார்த்துச் சொன்னாள்: "ஏனுங்ணா, அது ஜட்டிக்கே ரெண்டு மாசந்தானுங்க தாங்குது."

வெளிச்சத்தில் பார்ப்பது

வெயிட் போடும் முன் மூடியை வெளிச்சத்தில் பிடித்து, நடுக்குழாயின் ஓட்டை தெரிகிறதா என்று பாருங்கள். அடைத்திருந்தால் ஆவி போக வழியில்லாமல் வெடித்துவிடும் என்று மூன்று தரம் சொன்னேன். ஜன்னலோரம் போய் ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தார்.

முப்பது வருடமாகத் துணியையும் இப்படித்தான் விரித்துப் பார்க்கிறார். ஓட்டை இருந்தால் அந்த ரோல் திரும்பிப் போகும், இல்லாவிட்டால் 'பாஸ்' ஆகும். திருப்தியாக மூடியை என்னிடம் நீட்டினார். குழாய் முழுக்கப் பருப்புத் தோல். "ஒரு ஓட்டைகூட இல்ல, அம்மிணி. பாஸ்."

அவசரம்

ஆவி அடங்கும் முன்னேயே கைப்பிடியைத் திருகப் போனார். கரண்டியால் மணிக்கட்டில் ஒன்று வைத்தேன். உங்கள் கம்பெனி பாய்லரில் பிரஷர் இருக்கும்போது தொடுவீர்களா என்று கேட்டேன். மணிக்கட்டைத் தடவிக்கொண்டே யோசித்தார். "தொட மாட்டேன். அதுக்குத் தனியா ஆளு இருக்கறானல்ல?"

ஈரோடு

பேத்தி பிறந்தாள். திருப்பூரில் இவர் இரண்டு நாள் பயந்துகொண்டு தயிரும் வாழைப்பழமுமாக ஓட்டியிருக்கிறார். மூன்றாம் நாள் காலை போன் வந்தது. குக்கர் வைக்கப் போகிறாராம். மடியில் குழந்தை அழுகிறது. எனக்குக் கண்ணுக்குள் அந்தப் பருப்புத் தோல்தான் நிற்கிறது. வெயிட்டைத் தொடாதீர்கள், முதலில் வெளிச்சத்தில் பாருங்கள் என்றேன்.

ஜன்னல் திறக்கும் சத்தம். அப்புறம் மேஜை டிராயரை உருட்டும் சத்தம். "அடைச்சிருந்துது. மிஷின் ஊசியில குத்தி எடுத்துட்டேன்," என்றார். மறுபடி ஜன்னலோரம் போகும் காலடிச் சத்தம். "இப்ப ஓட்டை இருக்குது, அம்மிணி. பாஸ்."

மீதிப் பன்னிரண்டு நாளும் மடியில் பேத்தியும் காதில் போனுமாக ஈரோட்டிலிருந்து திருப்பூர்க் குக்கருக்கு விசில் எண்ணினேன். எங்கள் உத்தியோகத்தில் இதற்குப் பெயர்தான் லீவு.