டர்போ ஏற்றிய காரும் நான் வாய் திறக்காத பிரேக்கும்

1. வெள்ளிக்கிழமைக் கூட்டம்

அந்தக் கார் முதல் தடவை ஸ்டார்ட் ஆன அன்று மட்டாஞ்சேரி கொச்சங்காடியில் பாதிச் சனம் எங்கள் ஷெட் வாசலில்தான் நின்றது. செந்தில் பானெட்டைத் திறந்துவைத்து ஆக்சிலரேட்டரைக் கொடுத்தான். டர்போ விசிலடித்தது. "அடிபொளி!" என்று யாரோ கத்தினார்கள். எல்லார் கையிலும் போன். நான் ஷெட்டின் இந்தப் பக்கம் உட்கார்ந்து ஓர் ஆட்டோவின் பிரேக் ஷூவை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். வயிறு எரிந்தது. இதில் மறைக்க என்ன இருக்கிறது, எரிந்தது.

நான் பிரேக் வேலைக்காரன். முப்பத்தோரு வருஷமாக அதே வேலை. பழைய இஞ்சி குடோன் ஒன்றை நடுவில் தகரம் அடித்துப் பிரித்து, ஒரு பாதி எனக்கு, மறு பாதி செந்திலுக்கு என்று வாடகைக்கு இருக்கிறோம். செந்தில் எஞ்சின் மெக்கானிக். திண்டுக்கல்லிலிருந்து வந்து எட்டு வருஷம் ஆகிறது. மட்டாஞ்சேரியில் என்னை எல்லாரும் இக்கா என்று கூப்பிடுவார்கள். அவன் மட்டும் அவன் ஊர் வழக்கப்படி பாய் என்பான்.

நீங்களே சொல்லுங்கள், பிரேக் நன்றாகப் பிடிக்கிறது என்று இந்த ஊரில் எவனாவது வீடியோ எடுத்துப் போட்டிருக்கிறானா? பிரேக் ஒழுங்காக இருந்தால் என் ஞாபகம் யாருக்கும் வராது. கெட்டால்தான் வரும், அதுவும் திட்டோடு. எஞ்சின்காரனுக்குக் கைதட்டல். எட்டு வருஷமாக அந்தக் கைதட்டலைத் தகரத்துக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

சாதா காரில் டர்போ எஞ்சின் ஏற்றலாமா என்று கேட்டுக்கொண்டு இப்போது மாதத்துக்கு நாலு பிள்ளைகளாவது வருகிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பதில் கடைசியில் இருக்கிறது. அதற்கு முன்னால் நடந்ததைப் படியுங்கள்.

2. நௌஷாத் முதலில் கேட்டது என்னிடம்

கார் நௌஷாத்துடையது. கொச்சங்காடியிலேயே கயிறும் தார்ப்பாயும் மொத்த வியாபாரம். என் பன்னிரண்டு வருஷ வாடிக்கைக்காரன். கார் சாதா பெட்ரோல் கார், ஒரு குறையும் கிடையாது. குறை அவன் மச்சானால் வந்தது. தேவராவில் இருக்கும் அந்த மச்சான், அதாவது நௌஷாத் பெண்டாட்டியின் அண்ணன், புதிதாக ஒரு டர்போ கார் எடுத்துவிட்டான்.

"இக்கா, தேவரா பாலத்துல என்னைத் தாண்டும்போது ஹார்ன் அடிச்சிட்டுப் போறான். என் பொண்டாட்டி பக்கத்துல இருக்கா. அவ சிரிக்கிறா இக்கா!"

"சிரிச்சா சிரிக்கட்டும். அதுக்காக?"

"இதுல டர்போ எஞ்சின் ஏத்தினா என்னா?"

நான் கையைத் துடைத்துக்கொண்டு அவனுக்கு விளக்கினேன். "எஞ்சினை மட்டும் மாத்தினா தீராது நௌஷாதே. உன் கியர்பாக்ஸ் அந்த இழுவையைத் தாங்காது. கிளட்ச் வழுக்கும். ரேடியேட்டர் பத்தாது. பிரேக் மாத்தணும், சஸ்பென்ஷன் மாத்தணும். ஆர்.சி.யில இருக்கிற எஞ்சின் நம்பர் வேற. ஆர்.டி.ஓ. அனுமதி வாங்காம ஓட்டினா, ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா இன்சூரன்ஸ்காரன் கையை விரிச்சிருவான். இந்த வண்டியைக் குடுத்துட்டு டர்போவோட வந்த வண்டியாவே ஒண்ணு வாங்கு."

சொன்னது அத்தனையும் உண்மை. இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். ஆனால் உண்மை என்பதற்காக மட்டும் நான் அதைச் சொல்லவில்லை. எஞ்சின் மாற்றும் வேலை எனக்குத் தெரியாது. செய்தால் செந்தில்தான் செய்வான். அவன் செய்யக் கூடாது என்று எனக்கு இருந்தது.

நௌஷாத் பத்தடி நடந்து தகரத்துக்கு அந்தப் பக்கம் போனான். எனக்குக் காது அங்கேதான். செந்தில், "பண்ணலாம்ணே. கஷ்டம்தான். ஆனா பண்ணலாம்" என்றான். அவன் குரலில் இருந்த அந்த ஆசையைக் கேட்டு எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

3. மூன்று மாதம் நான் பார்த்த வேலை

விபத்தில் சிக்கிப் பின்பக்கம் நொறுங்கிய டர்போ கார் ஒன்றிலிருந்து எஞ்சின், கியர்பாக்ஸ், வயரிங் எல்லாவற்றையும் ஒன்றாகக் கழற்றிக்கொண்டு வந்தான். பழைய எஞ்சினை நௌஷாத் தன் குடோனில் தார்ப்பாய்களுக்கு நடுவே போட்டு வைத்தான். ஆர்.டி.ஓ. பேப்பரைப் பற்றிக் கேட்டால், "அது பின்ன பாக்கலாம் இக்கா" என்பான்.

அந்த மூன்று மாதமும் நான் பார்த்த முக்கியமான வேலை, செந்தில் எங்கே தப்பு செய்கிறான் என்று பார்த்ததுதான். ஸ்பேனர் கேட்கிற சாக்கில் போய் எஞ்சின் மவுண்ட்டைப் பார்த்தேன். வெல்டிங் நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது. வயரிங்கில் மாட்டிக்கொள்வான் என்று காத்திருந்தேன். பத்து நாள் தலையைப் பிய்த்துக்கொண்டான், பதினோராம் நாள் டேஷ்போர்டில் செக் லைட் அணைந்தது. அன்று மத்தியானம் மரவள்ளிக் கப்பையும் மீனும் இருந்தும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சாயங்காலம் எனக்கும் சேர்த்து அவனே சாயா வாங்கி வந்தான். அதைக் குடிக்கும்போதும் எரிச்சல்தான். கெட்டவனாகவாவது இருந்து தொலைக்கக் கூடாதா இவன்?

பிரேக் வேலையை என்னிடம்தான் கொடுத்தான். அந்த விபத்துக் காரின் பெரிய டிஸ்க், காலிப்பர் எல்லாம் போட்டு வீல் பக்கத்தை நான் முடித்துக்கொடுத்தேன். பானெட்டுக்குள் இருப்பது அவன் வேலை. இரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு ரப்பர் ஹோஸ் இருந்தது. அது யார் பொறுப்பு என்று நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

அந்த ஹோஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிரேக் பெடலுக்குப் பின்னால் பூஸ்டர் என்று ஒரு டப்பா உண்டு. எஞ்சின் ஓடும்போது அந்த ஹோஸ் வழியாக டப்பாவில் உள்ள காற்றை உறிஞ்சி எடுக்கும். அந்த உறிஞ்சல்தான் நம் காலுக்குத் துணை. அது இல்லையென்றால் பெடல் கல்லாக நிற்கும். டர்போ எஞ்சினில் ஒரு சங்கடம் என்னவென்றால், வேகம் எடுக்க அழுத்தி மிதிக்கும்போது அது உறிஞ்சுவதை விட்டுவிட்டுக் காற்றை ஊதித் தள்ளும். ஊதுகிற காற்று பூஸ்டருக்குள் போகாமல் தடுக்க ஹோஸில் ஒரு ஒன்வே வால்வு இருக்கும். கட்டைவிரல் அளவு பிளாஸ்டிக், அவ்வளவுதான்.

4. ஒரு மிதி

மறுபடி அந்த வெள்ளிக்கிழமைக்கே வருகிறேன். கூட்டம் கலைந்ததும் செந்தில் கூப்பிட்டான். "பாய், ஒரு மிதி மிதிச்சுப் பாத்துருங்க. சாயங்காலம் வண்டியைக் குடுக்கணும்." சொல்லிவிட்டுக் கை கழுவப் போனான்.

ஏறி உட்கார்ந்தேன். எஞ்சின் ஓடும்போது பெடல் நன்றாக இறங்கியது. எஞ்சினை அணைத்துவிட்டு அறுபது எண்ணினேன். வால்வு நல்லதாக இருந்தால் எஞ்சின் நின்ற பிறகும் இரண்டு மூன்று மிதிக்குக் கால் மெத்தென்று இறங்கும். மிதித்தேன். முதல் மிதியே கல். பானெட்டுக்குள் எட்டிப் பார்த்தேன். பழைய எஞ்சினில் இருந்த ஹோஸையே, அதே பழைய வால்வோடு மாட்டியிருந்தான். சாதா எஞ்சினுக்கு அது போதும். ஊதுகிற எஞ்சினை அது தாங்காது. மேட்டில் அழுத்தி மிதித்து ஒரு வண்டியைத் தாண்டிவிட்டு, உடனே பிரேக்கில் கால் வைத்தால், அந்த ஒன்றிரண்டு நொடிக்குக் காலுக்குத் துணை இருக்காது.

எனக்குச் சந்தோஷம் வந்தது. எழுதவே கூசுகிறது, ஆனால் வந்தது. மூன்று மாதம் தேடியது கையில் கிடைத்துவிட்டது.

ஒரு வாய் வார்த்தை போதும். வால்வை மாற்ற ஐந்து நிமிஷம். ஆனால் நான் வேறு கணக்குப் போட்டேன். நௌஷாத் நாலு நாள் ஊருக்குள் ஓட்டுவான். மட்டாஞ்சேரிச் சந்துகளில் என்ன பெரிய வேகம், ஒன்றும் ஆகாது. பெடல் ஒரு மாதிரி இருக்கிறது என்று திரும்பி வருவான். செந்தில் முழிப்பான். அதே கூட்டத்துக்கு முன்னால் என்னைக் கூப்பிட்டு, "பாய், என்னன்னு பாருங்க" என்பான். நான் ஒரு நிமிஷத்தில் கண்டுபிடிப்பேன். அப்போது எல்லாப் போனும் என் பக்கம் திரும்பும்.

செந்தில் ஈரக் கையோடு வந்தான். நான், "ஜும்மா தொழுகைக்கு நேரமாச்சு" என்று இறங்கிப் போய்விட்டேன். பள்ளிவாசலில் குத்பாப் பிரசங்கத்தில் ஒரு வார்த்தைகூட என் காதில் ஏறவில்லை.

5. ஞாயிற்றுக்கிழமை

காலையில் ஆப்பத்தைப் பிட்டு வாயில் வைத்திருக்கிறேன். என் மனைவி சபீரா அடுக்களையிலிருந்து சொன்னாள்: "நௌஷாத் வீட்டுல எல்லாரும் வாகமண் மலைக்குப் போயிருக்காங்க. நௌஷாத்தோட உம்மா, பிள்ளைங்க எல்லாரும். அந்தத் தேவரா மச்சான் வண்டியும் கூட. யாரு முந்தி ஏறுறதுன்னு பந்தயமாம்."

பாதி ஆப்பத்தோடு எழுந்து போனைத் தேடி எடுத்தேன். யா அல்லாஹ், மலை ஏறுவார்கள் என்று நான் நினைக்கவே இல்லை. நௌஷாத்துக்குப் போட்டேன், எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். மூன்றாவது தடவையும் எடுக்காமல் போக, செந்திலுக்குப் போட்டேன்.

"பாய், நானே கூப்பிடணும்னு இருந்தேன்" என்றான். குரல் சரியில்லை. "நௌஷாத் அண்ணன் வண்டி இடிச்சிருச்சு. தொடுபுழை போறதுக்கு முன்னாடியே. ஒரு டிப்பர் லாரியைத் தாண்டி ஏறியிருக்காரு, முன்னால மச்சான் வண்டி ஸ்லோ ஆயிருக்கு. பிரேக் இறங்கவே இல்லையாம். ரெண்டு காலாலயும் ஏறி நின்னேங்கிறாரு."

"ஆளுங்க?"

"பிள்ளைங்களுக்கு ஒண்ணுமில்ல. உம்மாதான் பின்னால பெல்ட் போடாம இருந்திருக்காங்க. நெத்தி முன் சீட்டுல அடிச்சு, தையல் போட்டுட்டு இருக்காங்க. நான் கிளம்புறேன் பாய், நீங்களும் வாங்க."

போனேன். புது வால்வு ஒன்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். இனி அது எதற்கு என்று கூடத் தோன்றவில்லை.

செந்தில்தான் ஓட்டினான். திருப்பூணித்துறையைத் தாண்டினோம். அப்புறம் அவனாகவே ஆரம்பித்தான். "என் கையிலதான் பாய் தப்பு. வண்டி போன பிறகு வழியில ஏதோ கழண்டிருக்கு. நீங்க மிதிச்சப்ப நல்லாத்தானே இருந்துச்சு?"

நான் வெளியே பார்த்தேன்.

"இல்லேன்னா நீங்க விட்டிருப்பீங்களா? அந்தத் தைரியத்துலதான் பாய் நான் வண்டியைக் குடுத்தேன். மலைக்குப் போலாமாடான்னு நௌஷாத் அண்ணன் கேட்டாரு. பாயே மிதிச்சுப் பாத்துட்டாரு, ஒண்ணும் சொல்லல, கண்ண மூடிட்டுப் போங்கன்னு சொன்னேன்."

அந்தப் பெண்டுபிள்ளைகளை மலைக்கு அனுப்பியது என் வாய்தான், மூடிய வாய். செந்திலுக்கு என் பேச்சு வேண்டியிருக்கவில்லை. நான் பேசாமல் இருந்ததே அவனுக்குப் போதும். எட்டு வருஷமாக இந்த ஊரில் எனக்கு யாரும் மதிப்புத் தரவில்லை என்று பொருமிக்கொண்டிருந்தேனே, இதற்கு மேல் என்ன மதிப்பு வேண்டும்?

தப்பிக்க வழியும் அவனே திறந்து வைத்திருந்தான். வழியில் கழண்டது என்று விட்டுவிட்டால் முடிந்தது. என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. கோலஞ்சேரி வரை அந்த யோசனையோடு வந்தேன். இதையும் உங்களிடம் மறைக்கவில்லை.

"செந்திலு, வெள்ளிக்கிழமையே எனக்குத் தெரியும். ஒன்வே வால்வு. மிதிச்ச உடனே தெரிஞ்சுது."

அவன் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தான். "அப்புறம் ஏன் பாய் சொல்லல?"

"பொறாமை."

வண்டியை ஓரம் கட்டி நிறுத்தினான். திட்டுவான் என்று இருந்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, "என் மேலயா பாய்?" என்று கேட்டான். என்னமோ நம்ப முடியாத சங்கதியைக் கேட்கிறது போல இருந்தது அவன் குரல். நான் தலையாட்டினேன். அவன் வண்டியை எடுத்தான்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நௌஷாத்திடமும் சொன்னேன், மச்சான் பக்கத்தில் நிற்கும்போதே. நௌஷாத் கையை ஓங்கினான். மச்சான்தான் பிடித்துக்கொண்டான். உள்ளே உம்மா நெற்றியில் கட்டோடு படுத்திருந்தார். நான் வாசலோடு நின்றுவிட்டேன்.

6. கேட்டதற்குப் பதில்

நௌஷாத் தன் பழைய எஞ்சினைத் தார்ப்பாய்க்கு அடியிலிருந்து எடுத்துவந்து திரும்பவும் மாட்டச் சொன்னான். செந்தில் மாட்டினான். இப்போது நௌஷாத் பிரேக் வேலைக்குத் தோப்பும்படியில் வேறு ஒருவனிடம் போகிறான். வழியில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். அவன் மேல் தப்பு சொல்ல மாட்டேன்.

சாதா காரில் டர்போ ஏற்றலாமா என்றால், ஏற்றலாம், வேலை சுத்தமான மெக்கானிக் கிடைத்தால். லாபமா என்றால் இல்லை. மனசு வைத்துச் செய்கிற செலவுக்கும் நாளுக்கும் டர்போவோடு பிறந்த வண்டியே வாங்கிவிடலாம். அதற்குப் பேப்பரும் உண்டு, இன்சூரன்ஸும் உண்டு. இல்லை, ஏற்றித்தான் தீருவேன் என்றால், பிரேக்கிலிருந்து தொடங்குங்கள், பூஸ்டர் ஹோஸ் யார் பொறுப்பு என்று முதல் நாளே கேட்டு எழுதி வாங்குங்கள். மச்சானை முந்துவதற்காக மட்டும் ஏற்றாதீர்கள். நான் சொல்வதில் பாதியை என் பொறாமைக்காகத் தள்ளிவிட்டாலும், மிச்சம் பாதி உங்களுக்குப் போதும்.

ஆமாம், பொறாமை இன்னும் இருக்கிறது. போய்விட்டது என்று எழுதினால் அது பொய். போன வாரம்கூடச் செந்தில் ஓர் எஞ்சினைத் திறந்து மூடினான், நாலு பேர் நின்று பார்த்தார்கள், எனக்கு இந்தப் பக்கம் எரிந்தது.

வண்டி வெளியே போகுமுன் இப்போதும் அவன் என்னைத்தான் கூப்பிடுகிறான். வேறு ஆளைக் கூப்பிட்டிருக்கலாம், கூப்பிடவில்லை. நான் ஏறி மிதிக்கிறேன், எஞ்சினை அணைத்து அறுபது எண்ணி மறுபடி மிதிக்கிறேன். முன்பெல்லாம் அதற்குள் கை கழுவப் போய்விடுவான். இப்போது போவதில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு என் முகத்துக்கு நேராக நிற்கிறான்.

"வாயால சொல்லுங்க பாய்."

சொல்லிவிட்டுத்தான் இறங்குகிறேன்.